அமுதசுரபியும் ஏரியும்

புறநானூற்றின் 18ஆம் பாட்டிலும் மணிமேகலையின் பாத்திரம் பெற்ற காதையிலும் ஓரடி, ஒரு சொல்லும் மாறாமல் வருகின்றது. உணவளித்தலை உயிரளித்தலாகவே கூறும் அவ்வடியைக் கற்றார் அனைவரும் அறிவர். ஒப்புமைப் பகுதி காட்டுவோர் இவ்விரண்டிடத்தையும் அடுத்தடுத்து நிறுத்தி அமைவர். அம்மட்டில் அமைதல் போதாது என்பது எம் கருத்து. அடி ஒன்றே ஆயினும் அதனை அடுத்து இரு புலவரும் செல்லும் நெறி வேறு. குடபுலவியனார் அவ்வடியினின்று ஏரிக்குச் செல்கின்றார். சாத்தனார் அமுதசுரபிக்குச் செல்கின்றார். பசித்தவனுக்கு நாடு செய்ய வேண்டுவது யாது, அதனை யார்க்குச் செய்வது, எம்முறையிற் செய்வது என்னும் வினாவுக்குத் தமிழில் எழுந்த இருவேறு விடைகள் இவை. இவ்விரு விடைகளும் மணிமேகலைக்குள்ளேயே ஒன்றோடொன்று மோதுகின்றன. அம்மோதலைச் சாத்தனார் அறிந்தே அமைத்தார் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் புறப்பாட்டினை நோக்குவோம். பாடப்பட்டோன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். போரில் வென்ற வேந்தனிடம் புலவர் வாகை பாடாமல் நீர்நிலை அமைக்கும்படி அறிவுறுத்துகின்றார். அறிவுறுத்தும் முறையும் கருதத்தக்கது. மறுமையிற் செல்வம் வேண்டினும், பிற வேந்தரை வென்று தனியாட்சி பெற வேண்டினும், இவ்வுலகிற் புகழை நிறுவ வேண்டினும் செய்ய வேண்டுவது ஒன்றே என்கின்றார். பின்னர் ஒரு தருக்கத் தொடர் எழுகின்றது. உடம்பு உணவை முதலாக உடையது. உணவாவது நிலத்தொடு கூடிய நீர். ஆதலின் நீரையும் நிலத்தையும் ஒருங்கு கூட்டினவர் இவ்வுலகில் உடம்பையும் உயிரையும் படைத்தவர் ஆவர். வானத்தை நோக்கி நிற்கும் நிலம் எத்துணை அகன்றதாயினும் ஆள்வோன் முயற்சிக்கு அது பயன்படாது. பள்ளமான இடங்களில் நீரைத் தடுத்து நிறுத்துக என்பதே முடிபு.

இப்பாட்டில் இரவலன் இல்லை, ஈவோனும் இல்லை. உணவைக் கையில் எடுத்துக் கொடுக்கும் காட்சி யாண்டும் காணப்படவில்லை. உண்டி கொடுத்தல் என்னும் சொல்லைப் புலவர் ஆளுகின்றார். ஆனால் அச்சொல்லின் பொருளை வாய்க்காலும் கரையும் ஆக்கிவிடுகின்றார். உழவன் தன் உழைப்பால் தானே உண்பான். அவ்வுழைப்பு பயன்தருதற்கு வேண்டிய நீரை அமைத்தல் வேந்தன் கடன். இதனைக் கொடை என்று வழங்கினும் பெறுபவன் எவனும் வேந்தன் முன் கை நீட்டி நிற்றல் வேண்டா. இவ்வொரு கூறே இப்பாட்டினைப் பாணாற்றுப்படை வழிப்பட்ட கொடைப் பாடல்களினின்றும் பிரித்து நிறுத்துகின்றது.

கொடுக்கும் முறையை ஆராய்ந்தது போலவே கொள்ளும் முறையையும் புறநானூற்றுப் புலவர் ஆராய்ந்தனர். 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் பழைய நிலவரிப் பாக்கியை நீக்குமாறு வேண்டிப் பெற்றார் என்பதைக் கொளு உணர்த்துகின்றது. 184ஆம் பாட்டில் பிசிராந்தையார், யானைக்குக் கவளம் அளந்து கொடுத்தலையும் யானை தானே வயலிற் புகுந்து மிதித்தழித்தலையும் காட்டி வரிகொள்ளும் அளவை அறிவுறுத்துகின்றார். பொருட்பங்கீட்டின் நேர்மையை ஆராய்வோர் ஈகையை மட்டும் ஆராய்ந்து வரியை விட்டுவிடுதல் பெரும்பான்மை. சங்கப் புலவர் அப்பிழையைச் செய்யவில்லை.

இனி மணிமேகலைக்கு வருவோம். மணிபல்லவத்தில் அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலைக்குத் தீவதிலகை பசியின் கொடுமையை எடுத்துரைக்கின்றாள். குடிப்பிறப்பு, கல்வி, நாண் ஆகிய அனைத்தையும் அழிக்கும் நோயாகப் பசி அங்கே பேசப்படுகின்றது. அதனைத் தொடர்ந்து அவள் கூறும் கருத்து இக்காப்பியத்தின் உயிர்நிலை எனலாம். ஆற்றுநர்க்குக் கொடுப்போர் அறத்தை விலைக்கு விற்பவர். ஆற்றாதாரின் பசியைக் களைவோரிடத்தே மெய்ந்நெறி வாழ்க்கை நிற்கின்றது என்கின்றாள். ஆற்றுதல் என்பது செய்தல், பொறுத்தல் என்னும் இரு பொருட்கும் உரிய சொல். பசியைப் பொறுக்க வல்லார் என்று பொருள் கொள்ளவும் இடமுண்டு. ஆயினும் அடுத்து விலை என்னும் சொல் வருதலின், கைம்மாறு செய்ய வல்லார் என்று கொள்ளுதலே சிறக்கும். வாங்கியவன் திரும்பத் தருவான் என்றால் அது வாணிகம் அன்றோ?

இக்கருத்து சாத்தனார்க்கே உரியதன்று. புறநானூற்றின் 134ஆம் பாட்டில் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் அண்டிரன் மறுமைப் பயன் கருதிக் கொடுக்கும் அறவாணிகன் அல்லன் என்று பாடுகின்றார். அறவிலை என்னும் அத்தொடரே ஈரிடத்தும் வருகின்றது. ஆனால் குறி வேறு. முடமோசியார் கொடுப்பவனின் நெஞ்சை நோக்கினார். அவன் எதனை எதிர்பார்த்துக் கொடுத்தான் என்பதே அவர் வினா. தீவதிலகை பெறுபவனின் நிலையை நோக்கினாள். அவன் திருப்பிக் கொடுக்க வல்லனா என்பதே அவள் வினா. கொடையை அளக்கும் கோல் ஈவோன் உள்ளத்தினின்று ஏற்போன் இயலாமைக்கு மாறுகின்றது. இம்மாற்றத்தைச் சிறிதென்று கருதுதல் கூடாது. உள்ளத்தை அளக்க ஒருவராலும் இயலாது. இயலாமையை ஊரார் அறிவர்.

திருக்குறளிலும் ஈகை அதிகாரம் இவ்வெல்லையையே முதலில் வரைகின்றது. வறியார்க்குத் தருவதே ஈகை. ஏனைய எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்கின்றார் வள்ளுவர். ஆனால் வள்ளுவர் ஈகையோடு நிற்கவில்லை. அதற்கு முன்னர் ஒப்புரவறிதல் என ஓரதிகாரம் வகுத்தார். பரிமேலழகர் இவ்விரண்டையும் பிரித்துக் கூறும் முறை நுட்பமானது. ஒப்புரவு உலகநடை, அறநூலில் விதிக்கப்படுவதன்றித் தாமே அறிந்து செய்வது, அஃது இம்மை நோக்கியது. ஈகையோ மறுமை நோக்கியது. ஆதலின் அதன்பின் வைக்கப்பட்டது என்பது அவர் உரை. ஒப்புரவுக்கு வள்ளுவர் காட்டும் உவமைகளை ஒருங்கு வைத்துக் காணின் ஓருண்மை புலப்படும். ஊரார் உண்ணும் நீர்நிலை, ஊர்நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் ஆகிய மூன்றும் பொதுவிடத்துப் பொருள்கள். நீர் முகப்பவள் நீர்நிலைக்கு நன்றி கூறி நிற்பதில்லை. பழம் பறிப்பவன் மரத்தின் முகம் நோக்கி நடுங்குவதில்லை. ஈகை அதிகாரத்திலோ முகம் வந்துவிடுகின்றது. இரந்தவரின் இனிய முகத்தைக் காணுமளவும் இரக்கப்படுதலும் இன்னாதது என்னும் நுண்மையை வள்ளுவர் அங்கே வைக்கின்றார். ஈகையைப் போற்றிய அவரே இரவச்சத்தில், இரந்துதான் வாழ வேண்டுமெனின் உலகைப் படைத்தவன் அலைந்து கெடுக என்று வெகுள்கின்றார். இதனை முரண் என்பர் சிலர். முரண் அன்று. ஈவோன் கடமையை ஓரிடத்தும், ஏற்கும் நிலை உண்டாகாதிருக்க வேண்டும் என்பதைப் பிறிதோரிடத்தும் கூறினார், அவ்வளவே.

ஈண்டு ஒன்று கூறாமல் விடுதற்கில்லை. இறைமாட்சியில், பொருளை இயற்றி ஈட்டிக் காத்தபின் வகுத்தலும் வல்லவனே அரசன் என்றார் வள்ளுவர். வகுத்தல் என்பதற்கு அறம் பொருள் இன்பங்களுக்காகச் செலவிடுதல் என்று உரைகண்ட பரிமேலழகர், அறத்தின் பொருட்டுப் பெறுவோரைக் கடவுளர், அந்தணர், வறியோர் என எண்ணுகின்றார். வறியோர் மூன்றாம் இடத்தில் நிற்கின்றனர். மூலத்தில் இவ்வரிசை இல்லை. உரையாசிரியர் காலத்து அரசர் பொருள் எவ்வழிச் சென்றது என்பதை உரை காட்டுகின்றது போலும்.

குடபுலவியனாரின் ஏரியும் வள்ளுவரின் ஊருணியும் ஓரினம். மணிமேகலை பெற்ற பாத்திரம் ஈகையினம். இவ்வீரினமும் எதிர்நிற்கும் களம் ஆபுத்திரன் வரலாறு. அறவண அடிகள் மணிமேகலைக்கு அதனைக் கூறுகின்றார்.

பிறந்த பொழுதே தாயால் விடப்பட்டு ஆவின் பாலால் உயிர்பிழைத்தவன் ஆபுத்திரன். வேள்விப் பசுவை விடுவித்த குற்றத்திற்காக ஊரினின்று நீக்கப்பட்டுத் தென்மதுரை அடைகின்றான். சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் இரந்து பெற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர், பேணுவார் அற்றோர், பிணியுற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டி எஞ்சியதைத் தான் உண்டு, பாத்திரத்தையே தலையணையாக வைத்து உறங்குகின்றான். மழைபெய்யும் ஒரு நள்ளிரவில் பசித்து வந்தோர்க்குக் கொடுக்க ஒன்றுமின்றி வருந்திய அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியை அளிக்கின்றாள். அன்று முதல் அவன் ஊட்டாத உயிர் இல்லை. இதனால் இந்திரன் இருக்கை நடுங்குகின்றது. முதிய அந்தணனாக வந்து வரம் தருவதாகக் கூறிய இந்திரனை ஆபுத்திரன் எள்ளி நகைக்கின்றான். அறம் செய்வாரும் பிறரைக் காப்பாரும் இல்லாத வானுலகின் தலைவன் எனக்குத் தருவது யாது, இப்பாத்திரமே அமையும் என்பது அவன் மறுமொழி.

வெகுண்ட இந்திரன் செய்த தண்டம் யாது? பாத்திரத்தைப் பறிக்கவில்லை, அவனைச் சபிக்கவில்லை. பன்னீராண்டு மழையிழந்து கிடந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்தான். நாடு விளைந்தது. உண்பாரைத் தேடி ஆபுத்திரன் அலைந்தான், ஒருவரும் வரவில்லை. பசித்தோர் கூடியிருந்த அம்பலங்களில் வம்பரும் சூதாடிகளும் அமர்ந்தனர். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மாய்கின்றனர் எனக் கேட்டு அவன் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். கொடுப்பதற்கு ஓருயிரும் இல்லாத அத்தீவில் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டான்.

இப்பகுதியைப் பலரும் ஆபுத்திரனின் அருள்மிகுதிக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டுவர். எமக்கோ இது காப்பியத்தின் மிகக் கூர்மையான ஐயமாகப் படுகின்றது. மழை ஒரு தண்டமாகுமா? நாடு விளைந்தமை ஒருவனுக்குத் துன்பம் ஆயிற்று எனின், அவன் அறம் எதனை நம்பி நின்றது? பசி தீர்ந்தால் வருந்தும் அறம் பசியை நம்பி நிற்கும் அறம் அன்றோ? குடபுலவியனார் வேந்தனிடம் வேண்டிய நிலையை இந்திரன் ஒரு நாளில் அமைத்துவிட்டான். அந்நிலையில் அமுதசுரபிக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஏரி விடை பாத்திர விடையைக் காப்பியத்தின் உள்ளேயே வென்றுவிட்டது. பௌத்த அறத்தைப் பரப்பப் புகுந்த புலவர் இக்காட்சியைத் தவிர்த்திருக்கலாம். தவிர்க்கவில்லை. தீவதிலகை கூறிய பசிமுனிவன் கதையும் இந்திரன் மழை பெய்வித்து விளைவு பெருகியதோடு முடிதல் காண்க. தாம் எடுத்தாண்ட அடியின் பழைய இடம் சாத்தனார் நினைவை விட்டு அகலவில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இனிச் சாத்தனார் தவறிய இடத்தையும் கூறுதல் கடன். ஆபுத்திரன் முதலில் ஊட்டியவர் யாவர்? குருடரும் முடவரும் பேணுவார் அற்றோரும். மழை பெய்தபின் இவர்கள் எங்கே சென்றனர்? விளைநிலம் முடவனுக்குக் கால் தாராது. பேணுவார் அற்றவனுக்கு உறவினைத் தாராது. வளம் பெருகிய நாட்டிலும் இவர்கள் அம்பலத்தில் இருந்திருத்தல் வேண்டும். வளம் வந்தது, ஆதலின் வறுமை நீங்கிற்று என்று கதை விரைந்து செல்கின்றது. விளைவு பெருகுதல் வேறு, விளைந்தது யார்யாரைச் சென்றடைகின்றது என்பது வேறு. புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரனார், உலகாளும் வேந்தனுக்கும் காட்டு வேட்டுவனுக்கும் உணவும் உடையும் ஒரே அளவினவே எனக் கணக்கிட்டு, செல்வத்துப் பயன் ஈதல் என முடித்தது இவ்விரண்டாவது வினாவை நோக்கியே.

ஆயினும் சாத்தனார் அம்மக்களை முற்றும் மறந்தார் என்று கூறுதல் முறையன்று. பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தபின், யார்க்குக் கொடுப்பது என்னும் வினாவைக் காப்பியம் மிகுந்த துணிவுடன் எதிர்கொள்கின்றது. ஆதிரையிடம் முதற்பிச்சை பெற்றபின் மணிமேகலை முதலில் பசி தீர்த்தது காயசண்டிகையை. அவள் பசி வறுமையால் வந்ததன்று. முனிவன் உண்ணற்கு வைத்திருந்த கனியைக் காலால் சிதைத்தமையால் வந்த சாபம், யானைத்தீ நோய். அதாவது அவள் தன் பிழையால் பசித்தவள். மணிமேகலை அதனை அறிந்தும் ஒரு சொல்லும் கடிந்து கூறாது உணவிடுகின்றாள். பின்னர் அவள் சிறைக்கோட்டம் புகுந்து ஊட்டுவோரும் குற்றம் செய்து அடைபட்டோர். தகுதியுடைய ஏழை, தகுதியற்ற ஏழை என்னும் பாகுபாட்டை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருசேர மறுக்கின்றன. ஏற்போனிடம் ஆராய வேண்டுவது இயலாமை, ஒழுக்கம் அன்று.

இம்மறுப்பின் பெருமையைப் பிற்கால வரலாறே நமக்கு உணர்த்தும். 1876–78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில், ரிச்சர்டு டெம்பிள் என்னும் ஆங்கில அதிகாரி துயர்தணிப்பு வேலைகளில் ஓர் ஆடவனுக்கு நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என வரையறுத்தார். கூலி மிகின் மக்கள் அரசை அண்டியே வாழப் பழகுவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அவ்வளவு உயிர்தாங்கப் போதாதென எதிர்த்தார். பசித்தவனின் உடம்பை நோக்கினவர் ஒருவர். அவன் ஒழுக்கத்தை ஐயுற்றவர் மற்றொருவர். அப்பஞ்சத்திற்குச் சில ஆண்டுகள் முன், 1867இல், வடலூரில் சத்திய தருமச்சாலை நிறுவிய இராமலிங்க அடிகளோ, பசித்தவரிடம் நாடு, சமயம், சாதி, செய்கை என்னும் வேறுபாடுகளை ஆராய்தல் கூடாது என்றார். செய்கை என்பதையும் அவர் சேர்த்தமை நோக்கத்தக்கது. அண்மைக் காலத்தும் இவ்வினா ஓயவில்லை. 1997இல் நடுவணரசு வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளார், மேலுள்ளார் எனப் பகுத்துக் நியாயவிலைக் கடைகளில் உணவுப்பொருள் வழங்கும் முறையைக் கொணர்ந்தபோது, தமிழ்நாடு பொதுவாக வழங்கும் முறையைக் கைவிடவில்லை. கோடு வகுப்பவர் கோட்டுக்கு வெளியே நிற்கும் பசித்தவனைக் காண்பதரிது.

அமுதசுரபி தெய்வப் பாத்திரம். எடுக்க எடுக்கக் குறையாதது. எனவே யார் பொருளையும் குறைக்காமல் யார் பசியையும் தீர்க்கும். இதனை வைத்துப் பங்கீட்டு நேர்மையை ஆராய்தல் எங்ஙனம் என்று வினவலாம். வினா நேரியதே. ஏரி வெட்டப் பொருள் வேண்டும், ஆள் வேண்டும், வேந்தனின் ஆணை வேண்டும். பாத்திரத்துக்கு இவை வேண்டா. இக்குறையைச் சாத்தனார் இருவகையால் ஓரளவு நிரப்புகின்றார். ஒன்று, தெய்வப் பாத்திரமும் ஓர் இல்லத்தின் பங்கினைப் பெற்றே தொடங்குகின்றது; ஆதிரையின் பிச்சை விழுந்த பின்னரே அது சுரக்கின்றது. இதனை விரித்தல் வேண்டா. மற்றையது சிறைக்கோட்ட நிகழ்ச்சி, அது பெரிது.

ஒரே பாத்திரம் கொண்டு சிறையிலுள்ளார் பலர்க்கு உணவிடும் வியப்பைக் காவலர் சென்று மன்னன் மாவண் கிள்ளியிடம் கூறுகின்றனர். நீ வேண்டுவது யாது என மன்னன் மணிமேகலையை வினவுகின்றான். காப்பியத்தில் இதுகாறும் அவள் யாரிடமும் பொருள் வேண்டியதில்லை. இப்போதும் பொருள் வேண்டவில்லை. சிறைக்கோட்டத்தை ஒழித்து அறக்கோட்டமாக்குக என்கின்றாள். மன்னன் இசைகின்றான். அடுத்த காதையின் தொடக்கத்தில் அவ்விடத்தே புத்தன் கோயிலும் அறவோர் உறையுளும் மட்டுமன்றி, அட்டில்சாலையும் அருந்துநர் சாலையும் அமைந்தமை கூறப்படுகின்றது. இவ்விறுதி இரண்டும் எம் கருத்துக்கு முதன்மையானவை. அமுதசுரபி இருக்க அட்டில்சாலை எதற்கு? குறையாத பாத்திரம் உடையாள் அடுப்பு மூட்டுதல் என்னை? பாத்திரம் ஒருத்தியின் கையது. அவள் வஞ்சிக்கும் கச்சிக்கும் செல்லவிருக்கின்றாள். அவள் அகன்றபின்னும் புகாரில் உலை கொதித்தல் வேண்டும். அட்டில்சாலைக்கு அரிசி வேண்டும். அரிசிக்கு அரசின் பொருள் வேண்டும். தெய்வத்தின் கொடை இவ்விடத்தில் ஊரின் ஏற்பாடாக மாறுகின்றது. தண்டித்தற்கு வைத்த கட்டடமே ஊட்டுதற்கு உரியதாகின்றது என்பது வெறும் அணிநயம் அன்று. அரசின் செலவு ஒருவழியினின்று பிறிதொரு வழிக்கு மாற்றப்படுகின்றது.

கச்சிமாநகர் புக்க காதையில் இவ்விரு விடைகளும் மீண்டும் சந்திக்கின்றன. காஞ்சியில் மழை இல்லை. இளங்கிள்ளி மணிமேகலையை எதிர்கொண்டு, நாடு வளமிழந்தமைக்குக் காரணம் யாதோ என்று வருந்துகின்றான். காரணங்களை அடுக்கும்போது, தன் செங்கோல் கோடிற்றோ என்பதையே முதலில் வைக்கின்றான். ஆபுத்திரன் வரலாற்றில் பாண்டி வேந்தனைப் பற்றி இத்தகைய வினா எழவே இல்லை. அங்கே பசி இந்திரனுக்கும் ஆபுத்திரனுக்கும் இடைப்பட்ட வழக்காக மட்டும் இருந்தது. இங்கே அரசன் தன்னை வினவிக் கொள்கின்றான். தெய்வம் பணித்தபடி மணிபல்லவத்துப் பொய்கை போன்ற ஒரு பொய்கையையும் பொழிலையும் முன்னரே அமைத்து வைத்திருந்த அவன் அவ்விடத்தை அவளுக்குக் காட்டுகின்றான். அது கோமுகியின் படிவம். குடபுலவியனார் வேண்டிய ஏரியன்று. வயலுக்கு நீர் பாய்ச்சும் மடை அதற்கு உண்டெனக் காப்பியம் கூறவில்லை. ஆயினும் மன்னனால் அகழப்பட்ட அந்நீர்நிலையின் பக்கத்தே அமுதசுரபியை வைத்து மணிமேகலை எல்லாரையும் அழைக்கின்றாள். பல மொழி பேசும் மக்கள் திரள்கின்றனர், விலங்குகளும் வருகின்றன. வந்தோரைச் சாத்தனார் எண்ணும்போது முன்னிற்பவர் யாவர் எனின், மதுரை அம்பலத்தில் நாம் கண்டு பின்னர் மழையில் தவறவிட்ட அதே மக்கள்: குருடர், செவிடர், முடவர், பேணுவார் அற்றோர், பிணியுற்றோர்.